பழுப்பேறிய சிறு வட்டம்

தெருவில் அவளுக்கு ‘மாவு அக்கா’ என்று பெயர். விடுதி ஒன்றின் பேக்கரியில் இருபத்தாறு ஆண்டுகள், மாவு ஓட்டுக்குள் பழத்தை வைத்துச் சுடும் ‘ஆப்பிள் பை’க்கு மாவு பிசைந்தவள். ஓய்வுபெற்ற பின்னும் ஞாயிறுதோறும் வீட்டில் ஒன்று சுட்டுவிடுவாள். பிசைந்தவள் என்பதுகூடச் சரியன்று. அந்த மாவைப் பிசையவே கூடாது. குளிர்ந்து இறுகிய வெண்ணெயைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி, விரல் நுனியால் மாவில் உதிர்த்து, ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து, ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் ஓய்வு. அவசரப்பட்டால், தேய்க்கும்போது சுருங்கிப் பழிவாங்கும்.

அந்த அரைமணியை அளக்கத்தான் அவள் கைக்கடிகாரம் வாங்கினாள். வெள்ளை முகப்பு, அதில் இரண்டு கறுப்புச் சிறு வட்டங்கள். பொத்தானை அழுத்தினால் வலப்புற வட்டம் நிமிடங்களை எண்ணும். மற்றக் கடிகாரங்களில் முள்ளைத் தேட வேண்டும். இதிலோ கண்ணாடியில் மாவு படிந்திருந்தாலும் பார்வை நேரே கறுப்பில் போய் நிற்கும், மையிட்ட கண்களைப் பார்ப்பதுபோல. ஆண்டுகள் செல்லச் செல்ல, சன்னல் வெயிலில் வலப்புற வட்டம் மட்டும் பழுப்பேறி, பக்குவமாக வெந்த பையின் விளிம்பு நிறத்துக்கு வந்தது. கேலி செய்தவர்களிடம், “என்கூடவே வெந்திருக்கு,” என்பாள்.

அவளுடைய தம்பி கடிகாரம் பழுதுபார்ப்பவன். தாயில்லாத வீட்டில் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொன்னவர்களை அவள் சிரித்தே ஒதுக்கியிருக்கிறாள். சென்ற மாதம் கடிகாரம் நின்றுபோக, அவனிடம் கொடுத்தாள். திரும்பி வந்தபோது இரண்டு வட்டங்களும் கரிக்கறுப்பாக இருந்தன.

“பழைய முகப்பு என்னடா ஆச்சு?”

“தண்ணி எறங்கி உரிஞ்சு போச்சுக்கா. குப்பையில போட்டுட்டேன். புதுசு எப்படிப் பளிச்சுன்னு இருக்கு பாரு!”

அவள் தலையாட்டினாள். ஆயினும் புது முகம் மனத்தில் ஒட்டவில்லை; கடிகாரம் அலமாரிக்குப் போயிற்று.

இந்த ஞாயிறும் தம்பி வந்தான்.

“இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை எதுக்குடா?”

“மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்ல?”

“அறுபதாம் கல்யாண மாப்பிள்ளை!”

மாவு ஓய்விலிருந்தது, அவள் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். “மாவை உள்ள வெச்சப்போ மூணரை. இப்ப மணி என்ன?”

ஆப்பிள் துண்டை மென்றபடியே, பழக்கத்தில் அவன் சட்டைக்கையை விலக்கினான். “மூணு அம்பத்தஞ்சு.”

அவன் கைக்கடிகாரத்தின் வெள்ளை முகப்பில் ஒரு வட்டம் கறுப்பு, மற்றது பழுப்பு. அவள் பார்வை நின்ற இடம் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சட்டைக்கையை இழுத்துவிட்டான்.

“குப்பையில கெடந்ததா அது?”

“அக்கா... இப்படி நெறம் மாறினது ஆயிரத்துல ஒண்ணு. எங்க கடிகாரத் தொழில் ஆளுங்க வாயைப் பொளந்து பாக்குறாங்க. மாவுக்கு நேரம் பாக்க உனக்கு எதா இருந்தா என்ன?”

“கேட்டிருந்தா நானே உன் கையில கட்டி விட்டிருப்பேனேடா.”

அவன் அவசரமாக வாரைக் கழற்றினான். “இந்தா, இன்னிக்கே மாத்திக் குடுத்துடறேன்.”

“முகப்பை மாத்திடுவ. நீ சொன்னதுக்கு நான் தலையாட்டினேனே, அதை எப்படி மாத்துவ?”

அவள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து மாவை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

“இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கேக்கா.”

“அது நீ பாத்துச் சொன்ன மணி,” என்றாள். “அதை எப்படி நம்புறது?”

கட்டையின் கீழ் விரிந்த மாவு, அவள் கையை எடுத்ததும் சுருங்கிக்கொண்டது.