பொட்டலக்காரர்

அந்த மனிதர் மாரண்டஹள்ளி பஸ் நிறுத்தத்தின் எதிரே மருந்துக்கடை வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி, பெயர் தெரியாதபடி பொட்டலம் கட்டித்தான் கொடுப்பார். அன்று அட்டையைப் பார்த்துவிட்டேன்: ஸ்டீராய்டு.

தக்காளி பறிக்கப் போகும் பெண்ணொருத்தி, மூட்டுவலிக்கு வருடக்கணக்காக அதைத் தின்றவள், கடைப்படியில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் தவித்தாள். முகம் உப்பியிருந்தது, தொடைகள் சூம்பியிருந்தன; இரண்டும் ஸ்டீராய்டின் வேலை.

“வலி இல்லீங்க. உக்காந்தா எந்திரிக்கத்தான் முடியல,” என்றாள்.

“மூஞ்சி எப்படித் தேறியிருக்கு பாருங்க சார்!” என்று கடைக்காரர் என்னிடம் பெருமைப்பட்டார்.

பேச்சினூடே தன் முழங்காலையும் பிசைந்துகொண்டிருந்தார். “நீங்களும் இதே மாத்திரைதானா?” என்றேன்.

“அய்யோ, நமக்கெதுக்குங்க? தைலமே போதும்.”

விவரமில்லாத மனிதர் என்று அதுவரை அவரை மன்னித்திருந்தேன்.