எங்கள் சித்தப்பாவைப் பாம்பு கடிக்கவில்லை

அண்ணனின் முதலாண்டு நினைவுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அண்ணனோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவருடைய ஒரே தங்கை எழுதுவது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். "பாப்பா, உன்ன தையல் கடையில உக்கார வச்சது தப்பு, கோர்ட்டுல நிக்க வச்சிருக்கணும்" என்று அண்ணனே சொல்வார். ஆகவே இதில் ஏதாவது கசந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதியில் மட்டும் மடித்து வைத்துவிடாதீர்கள்.

அண்ணன் பிறந்தது குடிகாட்டில். அப்பா கூலிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். பத்தாவது முடித்து, ஐடிஐ படித்து, ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கெமிக்கல் கம்பெனியில் பிட்டராகச் சேர்ந்தார். என்னைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்ததும், அப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்ததும் அவர்தான். சுனாமி வந்த அன்று ஷிப்டு முடிந்து கம்பெனி உடையோடு கடலோரத்துக்கு ஓடியவர், மூன்று நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். எத்தனை பேரைத் தோளில் தூக்கினார் என்று அவர் சொல்லவில்லை. சோறும் சாப்பிடவில்லை. ஒன்பது வயது மகளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

அப்பேர்ப்பட்ட மனிதர், நாற்பத்திரண்டு வயதில், கிளம்பிவிட்ட ஒரு டவுன் பஸ்ஸைப் பிடிக்க இருபது அடி ஓடி, புவனகிரி பஸ் நிறுத்தத்தில் விழுந்து இறந்துபோனார். இதை எழுதும்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன் வந்தபோது நான் கடையில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். செய்தியைக் கேட்டேன். "ராங் நம்பருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது. மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை அண்ணியே பேசினார்.

அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது அதற்கு மூன்று நான்கு வருடங்களுக்கு முன்பே. மாடி ஏறினால் நின்று நின்று ஏறுவார். எங்கள் பக்கத்தில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் "கம்பெனி காத்து" என்போம். இருமல் வந்தாலும் அதுதான், தலைவலி வந்தாலும் அதுதான். நாற்றத்துக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அண்ணனும் அதையே நம்பி, நல்ல காற்று வேண்டும் என்று புவனகிரிக்கு வீடு மாறினார். காற்று மாறியது, மூச்சு மாறவில்லை. ஒருநாள் நெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறியவர் பாதியில் மயங்கி விழுந்தார். எழுந்து, "வெயில் ஜாஸ்தி, வேற ஒண்ணும் இல்ல" என்றார். நான் விடவில்லை. மறுநாளே சிதம்பரத்துக்கு வரவழைத்து இதய டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

இசிஜி எடுத்தார்கள். பிறகு எக்கோ எடுத்தார்கள். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். "ரத்தக் குழாயில அடைப்பு மாதிரி தெரியலம்மா. இவருக்கு இதயத்தோட சதையே தடிச்சிப் போயிருக்கு. சுவர் தடிச்சதால உள்ள ரத்தம் நிக்கிற எடம் சுருங்கிப்போச்சி. ரத்தம் வெளியில போற வழியும் நெருக்கமாயிடுச்சி. அதான் வேலை செஞ்சா மூச்சு வாங்குது, மயக்கம் வருது." எனக்குச் சட்டென்று புரிந்தது. அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் கைக்குள்ளே கனத்த லைனிங்கை வைத்துவிட்டால், வெளியே பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், கை மட்டும் நுழையாது.

இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்றும் அவர் சொன்னார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஒங்க குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு எறந்திருக்காங்களா?"

அண்ணன் யோசித்தார். நான் முந்திக்கொண்டேன். "இல்ல டாக்டர். ஒரு சித்தப்பா சின்ன வயசுல தவறிட்டாரு, ஆனா அவர பாம்பு கடிச்சிடுச்சி."

டாக்டர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். இதயம் வேகமாக அடிக்காமலிருக்க மாத்திரை கொடுத்தார். ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் அலையக்கூடாது என்றார். பிள்ளைகளையும் கூடப்பிறந்தவர்களையும் ஒருமுறை பரிசோதனைக்கு வரச் சொன்னார். பரீட்சை முடியட்டும் என்றோம். பரீட்சை முடிந்தது, திருவிழா வந்தது. அண்ணன் மாத்திரையை ஒருவேளைகூட விட்டதில்லை. மூச்சு நன்றாகவே தேறியிருந்தது. தேறிவிட்டதால்தான் அன்று பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நான் டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். பெரியப்பா, அப்பாவுக்கு மூத்தவர், எண்பதை நெருங்குகிறவர், துண்டை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, "தம்பியும் இப்படித்தாம்மா போனான்" என்றார்.

"எந்தத் தம்பி?"

"ஒன் சித்தப்பன். அவன பாம்பு கடிக்கல."

மாசி மகத்துக்குச் சாமியைக் கடலுக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். பல்லக்கின் முன் கொம்பில் சித்தப்பா தோள் கொடுத்திருக்கிறார். வழியில் ஆள் மாற்றிவிட்டு, "நெஞ்சு படபடன்னு அடிக்குதுண்ணா" என்று சவுக்குத் தோப்புக்குள் போய் உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்திருக்கிறார். வயது இருபத்தேழு. பக்கத்தில் இருந்தவர்கள் பெரியப்பாவும் எங்கள் அப்பாவும் மட்டும். சாமிக்குத் தோள் கொடுத்தவன் அந்தத் தோள் ஆறும் முன்னே செத்தான் என்றால் ஊர் என்ன சொல்லும்? சாமி குற்றம் என்று சொல்லும். அந்த வீட்டில் யார் பெண்ணெடுப்பார்கள்? எங்கள் அத்தைக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா வேலிக்கருவ முள்ளை ஒடித்து, செத்துக் கிடந்த தம்பியின் கணுக்காலில் பக்கம் பக்கமாக இரண்டு குத்து குத்தியிருக்கிறார். ஊர் பார்த்தது, நம்பியது. எங்கள் அம்மாவுக்கே தெரியாது. அப்பா கடைசிவரை வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பந்தலில் பெரியப்பாவை நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கேட்டவர்கள் என்னை மன்னித்துவிடுங்கள்.

மறுநாள் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இந்த நோயில இதயம் திடீர்னு தாறுமாறா அடிக்க ஆரம்பிக்கும்மா. வீட்டுல ஒருத்தர் அப்படிப் போயிருந்தா, மயக்கமும் வந்திருந்தா, மாத்திரையோட நிறுத்த மாட்டோம். தோலுக்கடியில ஒரு கருவி வைக்கச் சொல்வோம். துடிப்பு தப்புனா அதுவே அதிர்ச்சி குடுத்து சரி பண்ணும். வச்சிருந்தா கட்டாயம் பொழச்சிருப்பாருன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வச்சிருப்போம்" என்றார். பிறகு, "புள்ளைங்கள எப்ப கூட்டிட்டு வர்றீங்க?" என்று கேட்டார்.

இந்த முறை பரீட்சையைப் பார்க்கவில்லை. எனக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. அண்ணன் மகனுக்கும் இல்லை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மகளுக்கு இருக்கிறது. பள்ளியில் நானூறு மீட்டர் ஓடிப் பரிசு வாங்கிய பெண். அவளை ஓடாதே என்றபோது அண்ணி டாக்டர் அறையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளுக்கும் இரண்டு தடவை தலை சுற்றியிருக்கிறது, வீட்டில் சொல்லவில்லை. 'தானே' புயலில் சாய்ந்த மரங்களையெல்லாம் அப்புறப்படுத்தி ஊர் எழுந்திருக்கும் முன்பே, அவளைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போய் அந்தக் கருவியை வைத்தோம். இடது தோளுக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு தெரிகிறது. பிள்ளை நன்றாக இருக்கிறாள்.

இந்த மலரில் இதையெல்லாம் போடக்கூடாது என்று சொன்னவர்கள் உண்டு. "அண்ணன் இயற்கை எய்தினார்னு போட்டா போதாதா? பொண்ணு இருக்குற வீடு" என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். பெரியப்பாவும் நல்ல எண்ணத்தில்தான் முள்ளை ஒடித்தார். நம் வகையறாவில் யாருக்காவது காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ, படபடப்போ மயக்கமோ வந்தாலோ, ஏன், ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒருமுறை எக்கோ எடுத்துப் பாருங்கள். டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டால், இரண்டு பேர் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பஸ் நிறுத்தத்தில் அண்ணனின் தலையை மடியில் தாங்கிக்கொண்ட பூக்கார அம்மாவுக்கும், ஆஸ்பத்திரிக்குப் பறந்த ஆட்டோக்காரருக்கும், பதினாறு நாளும் பந்தலை விட்டு நகராத அண்ணனின் கம்பெனி நண்பர்களுக்கும், டாக்டருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெரியப்பா மீது எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அன்று அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், பிள்ளைக்கும் வைத்தியம் மாத்திரையோடு நின்றிருக்கும். அதற்காக அவருக்கும் என் நன்றி.

கடைசியாக ஒன்று. இந்த நினைவு நாளுக்கு உடுத்த அண்ணன் மகளுக்கு ஒரு சுடிதார் தைத்தேன். "மேடு தெரியாத மாதிரி கழுத்த ஏத்தி வச்சி தச்சிக் குடு" என்று அண்ணி கேட்டார். நானும் அப்படியே தைத்தேன். போட்டுப் பார்த்தவள் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"கழுத்த எறக்குங்க அத்தை. என்னக் கட்டிக்க வர்றவருக்கும் தெரியட்டும். மலர்லயும் என்னப் பத்திப் போடுங்க. அப்பாவுக்கு யாரும் சொல்லலியே."

தையலைப் பிரித்து, அவள் சொன்ன அளவுக்கே கழுத்தை வெட்டிக் கொடுத்தேன். இன்று உங்களுக்கு இந்த மலரைக் கொடுத்துக்கொண்டிருக்கிற பிள்ளை அவள்தான்.