வெள்ளைக் கஞ்சியில் வளர்ந்த பிள்ளை

என் மூத்த பிள்ளை அழவே அழாது. தெருவே அதைச் சொல்லிச் சொல்லி மெச்சியது. எனக்கு மட்டும் அது நல்லதாகப் படவில்லை.

கொள்ளேகாலில் பிறந்து மைசூருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். மகாராஜா காலம். புருஷனுக்குப் பட்டுநூல் எடுக்கும் கொட்டகையில் வேலை. வீட்டு அடுப்பு அவருடைய அக்காவின் கையில். நாத்தனாரை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் நான் மறுபடி முழுகாமல் இருந்தேன். சூல்பால் ஆகாது என்று நங்கை அன்றைக்கே தாய்ப்பாலை மறக்கடித்தாள். பருப்பு மாந்தம், முட்டை சூடு, பசும்பால் சளி, ராகி கொடுத்தால் பிள்ளை கறுத்துப்போகும். மிச்சம் என்ன? ஆரோரூட் கஞ்சி. காலையிலும் அதுதான், பொழுது சாய்ந்தாலும் அதுதான். துணிக்குப் போடும் கஞ்சிக்கும் அதற்கும் சர்க்கரைதான் வித்தியாசம்!

பிள்ளை உப்பியது. கன்னம் தொங்கியது. "குண்டு குண்டாகிதே மகு!" என்று பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி கிள்ளிக் கொஞ்சிவிட்டுப் போவாள். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறதாம்! நங்கை உடனே திருஷ்டி சுற்றுவாள். ஆனால் தலைமுடி செம்பட்டையாகி, தொட்டால் கையோடு வந்தது. தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை இப்போது வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. கிலுகிலுப்பையை ஆட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சமத்துப் பிள்ளை என்றார்கள். சமத்தாம், சமத்து!

ஒருநாள் குளிப்பாட்டுவதற்காகக் கால் தண்டையைக் கழற்றினேன். தண்டை இருந்த இடம் பள்ளமாகவே நின்றது. பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பிசைந்த மாவில் அழுத்தியதுபோலக் குழி விழுந்தது, மேலெழும்பவில்லை.

யாரிடமும் கேட்காமல் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். டாக்டரம்மாவும் காலைத்தான் முதலில் அழுத்திப் பார்த்தார்.

"இது சதை இல்லை, நீர். வெறும் மாவை ஊட்டினால் வயிறு நிறையும், உடம்பு கட்டாது. பருப்பு, பால், முட்டை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. இப்படியே விட்டால் பிழைக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டாக்டரம்மா சொன்னதைச் சொல்லிவிட்டுப் பருப்பை வேகப்போட்டேன். நங்கை அடுப்புக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"என்ற புள்ளைக்குப் பருப்புச்சோறு ஊட்டின மறுநாளே மண்ணுக்குப் போச்சு. உனக்கு என்ன தெரியும், அம்மிணி?"

அவளுக்கு ஒரு பிள்ளை இருந்து தவறியது தெரியும். எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாவமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

"இதும் போனா பழி என் மேல வரட்டுங்க நங்கையா. நகருங்க" என்று சட்டியை இறக்கினேன்.

குழைத்த பருப்பைப் பிள்ளை துப்பியது. விரலால் தொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தேன். நாளடைவில் வீக்கத்து நீர் வடிய வடிய, ஐயோ, அந்த உடம்பைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை, தோலும் எலும்பும்தான். முன்பு கொஞ்சியவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெற்றவளே பருப்பை ஊட்டிக் கொல்கிறாள் என்று என் காதுபடப் பேசினார்கள். புருஷன்கூட, "அக்கா சொன்னதக் கேட்டிருக்கலாமல்ல?" என்றார். எனக்கும் உள்ளூரப் பயம்தான். ஆனால் ஊட்டுவதை நிறுத்தவில்லை.

ஒரு காலை, முட்டை மசித்த கிண்ணத்தை நான் நகர்த்தியதும் பிள்ளை வீறிட்டு அழுதது. இன்னும் வேண்டுமாம்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சத்தம் கேட்டு நங்கை ஓடிவந்தாள். பிள்ளையின் பாதத்தைப் பிடித்து அழுத்தினாள். குழி விழவில்லை. மறுபடி அழுத்தினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ற புள்ளைக்கும் வெறும் கஞ்சிதான் ஊட்டினேன், அதுக்கும் காலுல குழி விழுந்துச்சு அம்மிணி. சதை போட்டிருக்குதுன்னு நாலு பேரைக் கூப்புட்டுக் காமிச்சேன்."

எதற்கும் வெடுக்கென்று பதில் சொல்லுகிறவள் நான். அன்றைக்கு, "அது வேறங்க நங்கையா, இது வேற" என்று மட்டும் முனகினேன். அவள் இல்லையென்று தலையாட்டினாள். பிள்ளை அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது. அவள் எடுக்கவில்லை. கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு எழுந்து போனாள்.