தகுந்த இலங்கையர் எவருமில்லை

திருகோணமலைக்கு வந்து மூன்றாவது வருடம் முடியப்போகிறது. இன்னும் எனக்குப் பழகாத காட்சி, பள்ளிக்கூட வாசலில் மான் நிற்பது. கோட்டைப் பக்கத்திலிருந்து கூட்டமாக வந்து, குப்பையில் கிடக்கும் காகிதத்தைத் தின்கின்றன. நான் திருத்திய ஆங்கிலக் கட்டுரைகளையும் தின்றிருக்கின்றன. வயிற்றுக்கு ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை. பாளையங்கோட்டையில் தெருவில் திரிவது மாடு. மானைப் பாடப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். இங்கே மானை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்க்கிறார்கள். சந்தையில் நான் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீன்காரர் தலை நிமிர்ந்து, "இந்தியா மாஸ்ரரோ? இண்டைக்குப் பாரை எடுங்கோ" என்கிறார். அவரும் தமிழர், நானும் தமிழன்; இடையில் ஒரு விசா.

உங்களில் யாராவது ஓய்வுபெற்ற பிறகு இப்படிப் புறப்பட எண்ணினால், நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். வதிவிட அனுமதி ஒரு வருடத்துக்குத்தான். ஒவ்வொரு டிசம்பரிலும் அதைப் புதுப்பிக்க, 'இப்பதவிக்குத் தகுந்த இலங்கையர் எவரும் கிடைக்கவில்லை' என்று பள்ளி மனேச்சர் எழுதிக் கொடுக்க வேண்டும். யாராவது கிடைத்துவிட்டால் நான் தலைமன்னாரில் கப்பலேற வேண்டியதுதான். முப்பது வருடம் ஜில்லா கல்வி அலுவலகத்தில் இருந்து, பிறருடைய பிழைப்பை இந்த மாதிரி வாக்கியங்களால் அளந்தவன் நான். ஆகவே முறையிட எனக்கு முகமில்லை.

ஆங்கிலம் கற்பிக்க வருகிறவரிடம், ஏன் வந்தீர்கள் என்று கேட்பது நேர்முகத் தேர்வில் வழக்கம். அலுவலகத்தில் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன்; 'தொண்டு' என்பதைத் தவிர வேறு பதில் வந்ததில்லை. பதிலைக் குறித்துக்கொள்வோம், நம்பமாட்டோம். இங்கே எனக்கு முன் இருந்தவர் ஒரு பறங்கிப் பெண்மணி. ஆஸ்திரேலியாவில் குடியேற அனுமதிக் கடுதாசி வரும்வரை கற்பித்தாராம். பியானோவை விற்ற கிழமையே வேலையையும் விட்டாராம். கிண்ணியாவில் இன்னொரு ஆசிரியரைத் தெரியும். அவர் தகப்பனார் அரசாங்கக் கச்சேரியில் விளங்காத ஆங்கிலக் காகிதத்தில் கைநாட்டு வைத்து ஒரு வயலை இழந்தார். மகன் அந்த ஆத்திரத்திலேயே மொழியைப் படித்து முடித்தார். என்னைக் கேட்டபோது நானும் கூசாமல் 'கல்விப் பணி' என்றேன். உண்மை வேறு. நான் ஓய்வுபெற்றுச் சென்னைக்கு வந்ததும் மகன் வீட்டில் என் மேசைமேல் மருமகளின் தையல் மெஷினை ஏற்றிவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மெஷின் தினமும் வேலை செய்தது, நான் செய்யவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு மேசையும், எழுந்து நின்று வணக்கம் சொல்ல நாற்பது பிள்ளைகளும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வந்துவிட்டேன்.

போன வருடம் இங்கிலாந்துக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போயிற்று. அதோடு வேலை இழந்தவர்களில் ஒருவர் என் பக்கத்து வீட்டுச் சவிரிமுத்து. இருபது வருடம் கடற்படைக் களஞ்சியத்தில் சாமான் எடுத்துக் கொடுத்தவர். அவருடைய ஆங்கிலம் முழுக்கக் காதால் வந்தது. வேகமாக ஓடும், எழுதச் சொன்னால் நொண்டும். சென்ற மாதம் மனேச்சர் தம்பிராசா என்னைக் கூப்பிட்டார். மூன்று லொறிகளுக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் சொந்தக்காரர் அவர்.

"மாஸ்ரர், ஒரு சங்கடம். சவிரிமுத்து உங்கட வேலையைக் கேட்டிருக்கிறான். ஊர்ப்பொடியன், வீட்டில ஏழு சீவன். அவன் சரியெண்டா நான் உங்கட பேமிற்றுக்கு எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

"வைக்கக் கூடாது" என்றேன்.

"அவன் சரியோ எண்டு எனக்கென்னெண்டு தெரியும்? லொறி நம்பருக்கு மேல எனக்கு இங்கிலீசு ஏலாது. நீங்கள்தான் பாத்துச் சொல்லோணும்."

தன் பதவிக்கு வருகிறவரைத் தானே பரீட்சிப்பது எந்த விதியிலும் இல்லை என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஓம், சரி. வேற ஆர் இருக்கினம்?" என்றார். ஒருவரும் இருக்கவில்லை.

சவிரிமுத்து வெள்ளைச் சட்டையோடு வந்து, அணிவகுப்பில் நிற்பதுபோல் நின்றார். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "தொண்டு சேர்" என்றார். முந்தின நாள் மாலைதான் தம் முற்றத்தில் நின்று இதைப் பாடம் செய்திருந்தார். வேலியைத் தாண்டி எனக்குக் கேட்டது. மனேச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டேய், உண்மையைச் சொல்லு."

சவிரிமுத்து விறைப்பை விட்டு நின்றார். "கப்பலெல்லாம் போயிட்டுது சேர். இங்கிலீசு மட்டும் என்னோட நிண்டுட்டுது. விக்கிறதுக்கு வேற சாமான் என்னட்ட இல்லை."

முப்பது வருடத்தில் முதல் முறையாக ஒரு பதிலைக் குறித்துக்கொள்ளாமல் பேனாவைக் கீழே வைத்தேன்.

பிறகு பாடம் நடத்திக் காட்டினார். என் மேசையைக் களஞ்சியத்து வாசல்போல் குறுக்கே இழுத்துப் போட்டார். சவர்க்காரம், கயிறு, தகரக் கோப்பை, தூரிகை என்று வீட்டிலிருந்து கொண்டுவந்ததைப் பின்னால் அடுக்கினார். பெயர் சொல்லி ஆங்கிலத்தில் கேட்டால்தான் சாமான். கேட்காதவருக்கு, "நெக்ஸ்ற்!" கரும்பலகையில் கயிற்றுக்கு ஓர் எழுத்தைக் கூடுதலாகவே கொடுத்தார், அதைக் குறித்துக்கொண்டேன். என் வகுப்பில் அழகாக எழுதி, வாயைத் திறக்காமல் இருக்கும் பிள்ளைகள் அன்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு கத்தினார்கள். முடிவில் நாற்பது பேரும் எழுந்து, அவர் பழக்கியபடி ஒரே குரலில், "தாங்க் யூ" என்று சொல்லி, அதோடு இன்னொரு சொல்லையும் சேர்த்தார்கள். அதை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. எந்தப் பத்திரிகையிலும் எழுத முடியாது. சவிரிமுத்துவின் முகத்தில் பெருமை தவிர ஒன்றுமில்லை. மனிதருக்கு அர்த்தமே தெரியாது.

மனேச்சர் என் பக்கம் சாய்ந்தார். "கடைசியா என்ன சொன்னதுகள் மாஸ்ரர்? எனக்கு விளங்கேல்ல."

மனேச்சர் வெள்ளிக்கிழமை விரதக்காரர். அந்தச் சொல்லை நேராகத் தமிழ்ப்படுத்தினால் போதும். சவிரிமுத்து அன்று மாலைக்குள் ஊர் சிரிக்க வீட்டுக்குப் போவார், என் அனுமதி புதுப்பிக்கப்படும். பிள்ளைகள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"கப்பல்காரர்கள் நெருங்கிய சிநேகிதர்களை அழைக்கும் சொல்" என்றேன். விசாரித்துப் பாருங்கள், பொய் இல்லை.

"நல்ல மரியாதை. அப்ப ஆள் சரியோ?"

"தகுந்தவர். எழுத்துப் பிழைகள் திருத்தக் கூடியவை."

மனேச்சர் என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "அப்ப டிசம்பரோட நீங்கள் போகத்தான் வேணும். எனக்கு மனவருத்தம் மாஸ்ரர். தாங்க் யூ" என்று சொல்லி, மிகுந்த அன்போடு அந்தச் சொல்லையும் சேர்த்தார். என் உத்தியோக வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பிரியாவிடை அதுதான்.

மாலையில் சவிரிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டுப் பொருளைச் சொன்னேன். அவர் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தோனியாரே! இருவது வருசமா கொமாண்டருக்கு அப்பிடித்தானே சொன்னனான்!"

"அவர் என்ன சொன்னார்?"

"அவரும் எனக்கு அதைத்தான் சொன்னவர்." வேலிக்கம்பை விட்டார். பிறகு, "நீங்கள் அங்கயே சொல்லியிருக்கலாம் சேர். உங்கட இடம் மிஞ்சியிருக்கும்."

"கேள்வி, கற்பிக்கத் தெரியுமா என்பது. பிள்ளைகள் பேசினார்கள். திங்கட்கிழமைக்குள் அந்தச் சொல்லை மாற்றிவிடுங்கள்."

"மாத்துறன். ஆனா சேர், அதைச் சொல்லேக்கதான் அதுகள் நல்லாச் சத்தம் போடுதுகள்."

போன வாரம் ஆசிரியர்களைப் படம் பிடித்தார்கள். நிரந்தர ஊழியர் கதிரையில் உட்காருவது, மற்றவர் பின்னால் நிற்பது என்ற முறையைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தவன் நானே. வரிசையின் கடைசிக் கதிரை ஆங்கில ஆசிரியருக்கு. சவிரிமுத்து உட்காரவில்லை.

"நீங்கள் இருங்கோ சேர்."

"நியமனம் உங்களுடையது."

"நீங்கள் நிக்க நான் இருக்க ஏலாது."

படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "ஆராவது ஒராள் இருங்கோவன்! வெய்யில் போகுது. ரெண்டு பேரும் நிண்டா ஒராள் வெளிய போயிடுவார்."

இரண்டு பேரும் நின்றோம். அவர் அலுத்துப்போய் எடுத்துவிட்டார். படத்தில் எல்லோரும் இருக்கிறார்கள். கதிரை காலியாக இருக்கிறது. அதன் உட்பக்கம் சவிரிமுத்து நாடியை உயர்த்தி நிற்கிறார். வெளிப்பக்கம், படத்தின் விளிம்பில், ஒரு காது, ஒரு தோள், ஒரு சட்டைக் கை. பள்ளிக்கூடச் சுவரில் அதை மாட்டியாயிற்று. ஒரு பிரதியைச் சென்னைக்கு அனுப்பினேன். மகன் எழுதியிருக்கிறான்: படம் கிடைத்தது, இதில் அப்பா எங்கே?