அக்காவின் பவுண் காசு

அக்கா மறைந்த முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் அக்காவைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதச் சொன்னார்கள். எழுதி எழுதி அடிக்கிறேன். ஒரு காசைப் பற்றிச் சொன்னால் அக்காவைச் சொன்னதாகும் என்று படுகிறது.

அக்கா வல்வெட்டித்துறையில் பிறந்தார். எங்கள் தகப்பனாரான ஐயா பாய்க்கப்பலை ஓட்டும் தண்டையலாக இருந்தவர். அக்கா கலியாணம் செய்து அச்சுவேலிக்குப் போனபோது, ஐயா ஒரு தங்கப் பவுண் காசுக்கு வளையம் வைத்துச் சங்கிலியில் கோர்த்து அவர் கழுத்தில் போட்டார். அத்தானின் சந்தைக் கடை இருமுறை எரிந்தது. இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்த காலத்தில் சங்கிலி விலைப்பட்டது. காசு அடகுகடைக்கு ஈட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. அக்கா முறைப்பட்டதை நான் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு, பிந்திப் பிறந்த ஒரே மகனுக்குக் கலியாணம் சரிவந்தது. பொன்னுருக்கில் ஐயாவின் காசைத்தான் உருக்கித் தாலி செய்வது என்று அக்கா சொல்லிவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஈட்டுக்குப் போய் வந்த காசு; பெண் வீட்டார் பார்த்திருக்க, பொன் உருக்கும் மூசைக்குள் அது பித்தளையாக உருகினால்? காந்தம், சின்ன மின்தராசு, நூல் எல்லாவற்றோடும் அச்சுவேலிக்குப் போனேன்.

"உதென்ன தம்பி, என்ரை குசினிக்குள்ளை ஆய்வுகூடமோ?" என்றார் அக்கா.

"உவன் சின்னனிலையே தேங்காயைத் தட்டித் தட்டிப் பாத்துப்போட்டு வாங்காமல் வாறவன்" என்றார் அத்தான்.

காந்தத்தில் ஒட்டவில்லை. சீமெந்து நிலத்தில் போட்டபோது ஓசையும் நன்றாக இருந்தது. பிறகு தராசில் தண்ணீர்க் கிளாசை வைத்து, காசை நூலில் கட்டி அடி முட்டாமல் அமிழ்த்தினேன். பவுண் தண்ணீரைவிடப் பதினேழு மடங்குக்கு மேல் கனக்க வேண்டும். அக்காவின் காசு பதினாறையும் தொடவில்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். மாறவில்லை.

"அக்கா, உது சரிவராது. புதுக் காசு ஒண்டு வாங்குவம்."

"ஐயா போட்டதுக்கு என்ன குறை?"

"தண்ணிக் கணக்கு இடிக்குது."

"ஐயா தண்ணியிலை திரிஞ்ச மனிசன். அவற்றை காசு தண்ணியிலை தோற்காது. நீ தேத்தண்ணியைக் குடி."

நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணம் போய்ப் புதுக் காசு வாங்கி, பொன்னுருக்கு அன்று சேர்ட் பொக்கற்றில் வைத்து, அதைப் பொத்தியபடியே நின்றேன். அக்கா வெற்றிலையில் காசை வைத்து நகை செய்யும் ஆசாரியாரிடம் கொடுத்தார். அவர் குறட்டால் வளையத்தைக் கழற்றி உரைகல்லில் தேய்த்தார்.

"அம்மா, வளையம் பித்தளை. மேலை முலாம் பூசிக் கிடக்கு."

"அப்ப காசு?" என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் காசின் விளிம்பைத் தேய்த்தார்.

"காசு நல்ல பவுண், ஐயா."

வளையமும் பவுண் என்று எண்ணி அதையும் சேர்த்து நிறுத்திருக்கிறேன். அதன் பித்தளையைக் கழித்துப் பார்த்தபோது கணக்குச் சரிவந்தது. மூசையில் காசு மஞ்சளாக இளகியது. அக்கா வளையத்தை என் கையில் போட்டார்.

"இந்தா தம்பி, உன்ரை கணக்கிலை மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

மகனின் கலியாணத்தையும் மருமகளின் கழுத்தில் அந்தத் தாலியையும் கண்ட பிறகே அக்கா பாயில் விழுந்தார். கடைசி நாள்களில் ஒரு மத்தியானம் என்னை அருகே இருக்கச் சொன்னார்.

"வளையம் வைச்சிருக்கிறியோ?"

"ஓம் அக்கா, பொக்கற்றுக்குள்ளைதான்."

"ஈட்டிலையிருந்து மீட்டு வரேக்கையே அது ஐயா போட்ட வளையமில்லை எண்டு கண்டனான். வளையம் மாறினா காசும் மாறியிருக்கும் எண்டு இவ்வளவு காலமும் பயம். பொன்னுருக்கிலையும் அந்தப் பயத்தோடைதான் நிண்டனான்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ நித்திரை கொள்ளுவியே? ரெண்டு பேர் முழிச்சிருந்து என்ன செய்யிறது?"

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், துக்க வீட்டுக்குச் சமைத்து அனுப்பிய அயலவருக்கும், வல்வெட்டித்துறையிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவுகளுக்கும் அத்தானின் சார்பிலும் மகன், மருமகள் சார்பிலும் நன்றி கூறுகிறேன். யாரையேனும் விட்டிருப்பேனோ என்று இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது. விட்டிருந்தால் பொறுத்தருள்க. எனக்குப் பதிலாக முழித்திருந்து அந்தக் கவலையைச் சுமக்க இனி அக்கா இல்லை.