தூசி எண்டு துடைச்ச ஊர்

ஒரு கஸ்ரமர் பிரின்ற் கடைக்கு வந்து "எழுத்துப் பிழை" எண்டால் திருத்திக் குடுக்கலாம். "கலர் சரியில்லை" எண்டால் கொஞ்சம் சண்டை பிடிச்சுப்போட்டுத் திருத்திக் குடுக்கலாம். "என்ர ஊரைக் காணேல்ல" எண்டு வந்து நிண்டால் என்ன செய்வியள்? டிசைன் படிக்கிற பிள்ளையள் சிலபேர், "அன்ரி, உங்கட வேலை அனுபவத்தில ஒண்டை எழுதுங்கோ" எண்டு கேட்டுக்கொண்டே இருக்கினம். அதுதான் இதை எழுதுறன். உங்கட கொலிஜில உதுக்குப் பாடம் இராது.

1. அண்ணையின்ர கடை

டொரன்டோவில வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு பிளாசாவுக்குள்ள, பல் டொக்டருக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில எங்கட கடை. கலியாணக் காட், சாமத்தியவீட்டு பனர், அந்தியேட்டி நினைவு மலர், சாப்பாட்டுக் கடை மெனு, எல்லாம் அடிப்பம். நான் மன்னாரில இருந்து வந்தனான். கனடாவில கால் வைச்ச காலத்தில இருந்து இந்தக் கடையில பேஜ் செட் பண்ணுறது, கலர் பார்க்கிறது என்ர வேலை. இப்ப வீடு தூர விட்பியில எண்டபடியால் கிழமையில மூண்டு நாள் மட்டும் ரெயின் பிடிச்சு வந்து போறன்.

முதலாளியை எல்லாரும் அண்ணை எண்டுதான் கூப்பிடுவினம். யாழ்ப்பாணத்துக்கு மேற்கால இருக்கிற தீவு ஒண்டில பிறந்த மனிசன். கடைச் சுவரில ஒரு இலங்கை மேப் தொங்குது. ஏதோ கலண்டரோட சும்மா வந்தது. அதில அண்ணையின்ர தீவு இல்லை, கீறினவன் விட்டுட்டான். அண்ணை அண்டைக்கே கறுப்பு மார்க்கரை எடுத்துத் தன்ர தீவைத் தானே கீறி வைச்சிட்டார். பக்கத்துத் தீவுகளை விட அது நல்ல பெருசு. நான் பகிடி பண்ணினால், "விட்டவனுக்குத் தண்டம் பிள்ளை உது" என்பார்.

அண்ணைக்கு ஒரே ஒரு வருத்தம். தூசி. ஸ்கான் பண்ணின படத்தில ஒரு புள்ளி கிடந்தால் மனிசனுக்குச் சாப்பாடு இறங்காது. கண்ணாடியை மூக்கு நுனியில விட்டுக்கொண்டு, ஸ்கிறீனுக்குக் கிட்டக் குந்தி, மவுஸால புள்ளி புள்ளியா ஒத்தி எடுப்பார். ஒருக்கா ஒரு நினைவு மலரில, செத்த ஐயாவின்ர கன்னத்தில இருந்த மச்சத்தையும் சேர்த்து எடுத்துப்போட்டார். மகள் வந்து, "உது எங்கட அப்பா இல்லை" எண்டு அழுதவா. அதுக்குப் பிறகும் ஆள் திருந்தினதே? இல்லை.

2. தண்ணிக்குக் கீழ வயல்

மொத்தின் பாய் எண்டு ஒரு வங்காளதேசக்காரர். பேக்கரி ஃபாக்டரி ஒண்டில வேலை. அவையின்ர உபசில்லா ஆக்கள் இஞ்ச ஒரு சங்கம் வைச்சிருக்கினம். உபசில்லா எண்டால் மாவட்டத்துக்குள்ள ஒரு பிரிவு, எங்கட ஏ.ஜி.ஏ. பிரிவு மாதிரி. அந்தச் சங்கக் கூட்டத்துக்கு மேப் ஒண்டு வேணும் எண்டு வந்தவர். எனக்கு ஆபா எண்டு பேர் வைச்சிட்டார். அவையின்ர பாசையில அக்கா. நாங்கள் கதைச்சது முழுக்க அரைகுறை இங்கிலீசில, நான் தமிழில எழுதுறன்.

மேசையில ஒரு பெரிய கடதாசியை விரிச்சார். மேல சட்டலைற்றில இருந்து எடுத்த படம். பார்த்தால் ஒரே நீலம்.

"என்ன கடலோ இது?" எண்டு கேட்டன். மன்னார்க்காரிக்கு நீலமாக் கிடந்தால் கடல்தான்.

"கடல் இல்லை ஆபா. வயல்."

"வயல் எங்க?"

"தண்ணிக்குக் கீழ."

என்னைப் பகிடி பண்ணுறாரோ எண்டு முகத்தைப் பார்த்தன். இல்லை. ஆள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விளங்கப்படுத்தத் தொடங்கினார். அவையின்ர இடம் முழுக்க ஒரு பெரிய கோப்பை மாதிரிப் பள்ளமாம். பனி நேரம் தண்ணி வத்திக் காய்ஞ்சிடும். அப்ப கண்ணுக்கு எட்டின மட்டும் நெல்லு. எங்கட சித்திரை வருசப்பிறப்பை ஒட்டி அறுப்பு. அறுத்து முடிய மலைப்பக்கத்து மழைத்தண்ணி இறங்கி எல்லாத்தையும் மூடிடும். வெள்ளம் முந்தி வந்தால் நெல்லும் போச்சுது, அந்த வருசமும் போச்சுது. பிறகு அரை வருசத்துக்கு அது கடல்தான். வயல்காரன் வலை எடுப்பான், மீன் பிடிப்பான், தாரா வளர்ப்பான். வேலை இல்லாத பெடியள் டாக்காவுக்குப் போவினம், பொம்பிளைப் பிள்ளையள் உடுப்புத் தைக்கிற ஃபாக்டரிக்குப் போவினம். கலியாணங்களும் தண்ணி நேரத்திலதானாம்.

"மழைக்குள்ளயோ?"

"அப்பதானே ஆபா மாப்பிளை வாசல் மட்டும் படகில வரலாம். மற்ற நேரம் சேத்துக்குள்ள வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேணும்."

எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாமல் போச்சுது. அண்ணை உள்ளுக்க இருந்து, "என்ன பிள்ளை, வேலையோ விளையாட்டோ?" எண்டு சத்தம் போட்டார்.

அப்ப சனம் எங்க இருக்கிறது? மண்ணை வெட்டி மேடாக்கி, அந்த மேட்டில நெருக்கி நெருக்கி வீடு. அதுக்குப் பேர் ஹாட்டி. தண்ணி நேரம் ஒவ்வொரு ஹாட்டியும் ஒரு தீவு. அலை நாலு பக்கமும் அடிச்சு மேட்டை அரிச்சுக்கொண்டே இருக்கும். மூங்கிலை நட்டு, புல்லைக் கட்டி மறிப்பினமாம். ஆனால் கல்லால சுவர் கட்டினால்தான் உண்மையா நிக்கும்.

இதைச் சொல்லேக்க ஆளின்ர குரல் இறங்கிட்டுது. சங்கம் வருசத்துக்கு ஒரு ஹாட்டியைத் தெரிஞ்சு சுவர் கட்டிக் குடுக்குது. ஆருக்கு எண்டது கூட்டத்தில கை தூக்கி முடிவு எடுக்கிறது. மொத்தின் பாயின்ர தம்பி குடும்பம் இருக்கிற ஹாட்டிதான் எல்லாத்திலயும் சின்னன். போன மழைக்கு மாட்டுக்கொட்டில் தண்ணியோட போச்சுது. அடுத்தது வீடு.

"எங்கட ஹாட்டியில இருந்து டொரன்டோவுக்கு வந்தது நானும் என்ர மனிசியும் மட்டும்தான். பெரிய ஊர்க்காரருக்கு எவ்வளவு கை! எங்களுக்கு நாலு கை, அதில ரெண்டு செல்லாது," எண்டு சிரிச்சார். "ஆனால் அது எங்க நிக்குது எண்டு கண்ணால கண்டால் தூக்குவினம் ஆபா. கனபேர் அந்தப் பக்கமே போனதில்லை. அதுதான் மேப்."

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. அடியில நெல்லு நேரத்து மேப், பச்சையா. அதுக்கு மேல ஒரு கிளியர் ஃபிலிம். அதில தண்ணியை மட்டும் நீலத்தில பிரின்ற் பண்ணுவம். ஊர் இருக்கிற இடத்தில மை இல்லாமல் ஓட்டை விடுவம். ஃபிலிமைத் தூக்கினால் வயல், விட்டால் வெள்ளம். சொன்னவுடன மனிசன் எழும்பி நிண்டு என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

3. வெள்ளிக்கிழமை பின்னேரம்

அந்தக் கடதாசியைத் துண்டு துண்டா ஸ்கான் பண்ணி ஒட்டி ஃபைலில வைச்சன். கடதாசியை அவர் திரும்பக் கொண்டுபோயிட்டார். ஊர்ப் பேரெல்லாம் வங்காள எழுத்தில போட வேணும், எனக்கு அது தெரியாது. அதால வெள்ளிக்கிழமை மொத்தின் பாய் வந்து பக்கத்தில இருந்து பேர் போடுறது எண்டு பேச்சு. வியாழக்கிழமை எனக்கு லீவு. நான் இல்லாத நேரம் அண்ணை ஃபைலைத் திறந்து பார்த்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஸ்கிறீனைப் பார்த்தால் நீலம் சும்மா பட்டு மாதிரிக் கிடக்கு. எனக்கே நல்ல சந்தோசம். மொத்தின் பாய் பெரிய ஊர்களுக்கு ஒவ்வொண்டாப் பேர் சொல்லிக்கொண்டு வந்தார். பேந்து விரலை ஒரு இடத்தில கொண்டுபோய் வைச்சார். எடுத்தார். திரும்ப வைச்சார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஆபா, என்ர ஊரைக் காணேல்ல."

"எதில?"

"இஞ்சதான். பெரிய ஊருக்கும் ஆத்துக்கும் நடுவில. இஞ்ச ஒரு ஹாட்டி நிக்க வேணும்."

அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோட வந்து எட்டிப் பார்த்தார். "அதிலயோ? அதில ஒரு தூசி கிடந்தது. நான்தான் எடுத்தனான்," எண்டார், பரிசு வாங்கின பிள்ளை மாதிரி. "உது மட்டுமே, எத்தினையோ புள்ளி கிடந்தது. எல்லாம் கிளீன் பண்ணிட்டன். பாருங்கோ, இப்ப எவ்வளவு வடிவு!"

மொத்தின் பாய்க்கு எங்கட தமிழ் விளங்கேல்ல. ஆனால் அண்ணையின்ர விரல் காட்டின இடம் விளங்கிட்டுது. நான் இங்கிலீசில சொன்னன். சொல்ல எனக்கு நாக்குக் கூசினது.

மனிசன் கத்துவார் எண்டு பார்த்தன். கத்தேல்ல. மெதுவாச் சொன்னார்: "அந்தத் தூசிக்குள்ள என்ர தம்பியும் அவன்ர மூண்டு பிள்ளையளும் இருக்கினம்."

என்ர மாதாவே! எனக்கு வந்த கோவத்துக்கு அண்ணையை நல்லா ஏசியிருப்பன். ஏசத் தேவை இருக்கேல்ல. நான் சும்மா சுவரில தொங்கின இலங்கை மேப்பைத் திரும்பிப் பார்த்தன், அவ்வளவுதான். அண்ணையும் பார்த்தார். மார்க்கரால கீறின தன்ர தீவைப் பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பையை மேசையில வைச்சார். அந்த மனிசன்ர முகம் அப்பிடிச் சுருங்கி நான் அதுக்கு முதல் கண்டதில்லை.

"பிள்ளை, பழைய ஃபைல் கிடக்கோ?"

"இல்லை அண்ணை. நீங்கள் மேலாலயே சேவ் பண்ணியிருக்கிறியள்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

4. எது தூசி, எது ஊர்

சனிக்கிழமை விடிய மொத்தின் பாய் கடதாசியோட வந்தார். எனக்கு வேலை இல்லாத நாள், ஆனாலும் விட்பியில இருந்து ஓடி வந்தன். அண்ணை எங்களுக்கு முந்தியே வந்து ஸ்கானர் கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டு நிண்டார். என்னதான் துடைச்சாலும் ஸ்கானில புள்ளி விழும். அதுதான் பிரச்சினை. சின்ன ஹாட்டியும் ஒரு புள்ளி, தூசியும் ஒரு புள்ளி. எல்லா ஊரும் மொத்தின் பாய்க்கும் தெரியாது. ஒண்டைக் கூட எடுத்தால் ஒரு ஊர் போச்சுது, ஒண்டைக் கூட விட்டால் இல்லாத ஊர் வந்திடும்.

பிள்ளையள், இதை மட்டும் கவனமா வாசியுங்கோ, உங்களுக்கு உதவும். முதல் கடதாசியை மெல்லிய பிரஷால தட்டி ஒருக்கா ஸ்கான் பண்ணினன். பிறகு அதே கடதாசியைத் தலைகீழாத் திருப்பி வைச்சு இன்னொருக்கா. கண்ணாடியில ஒட்டின தூசி கண்ணாடியோட அதே இடத்தில நிக்கும். ஊர் கடதாசியில இருக்கு, அது கடதாசியோட திரும்பும். ரெண்டு ஸ்கானையும் ஒரே பக்கமா நிமித்தி, ஒண்டுக்கு மேல ஒண்டு லேயராப் போட்டுப் பார்த்தால், ரெண்டிலயும் பொருந்துற புள்ளி ஊர். ஒண்டில மட்டும் இருக்கிறது தூசி.

அண்ணை எனக்குப் பக்கத்தில குந்திக்கொண்டு, பொருந்தின ஒவ்வொரு புள்ளிக்கும், "இருக்கு பிள்ளை, இருக்கு! விடு, தொடாதை!" எண்டு சத்தம் போட்டார். அவரைத் தெரியாத ஆக்கள் பார்த்தால் கிரிக்கெட் பார்க்கிறார் எண்டுதான் நினைப்பினம்.

ஆத்துக்குக் கிட்ட அந்தச் சின்னப் புள்ளியும் பொருந்தினது. மொத்தின் பாய் உடனே தம்பிக்கு வீடியோ கோல் எடுத்தார். அங்க பொழுதுபடுற நேரம். தம்பி போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போனார். நாலு அடி நடந்தார், தண்ணி வந்திட்டுது. அலை வந்து மூங்கில் வேலியில அடிக்கிற சத்தம் எங்கட கடை முழுக்கக் கேட்டது. தாராக்கள் வேற கத்துது. அண்ணை போனுக்குக் கிட்டப் போய், தமிழில, "தம்பி, பயப்பிடாதையும், மேப்பில போட்டாச்சு" எண்டார். அந்தத் தம்பிக்கு என்ன விளங்கினதோ, தலையை ஆட்டிச் சிரிச்சார்.

5. கை தூக்கின நேரம்

ஞாயிற்றுக்கிழமை மேப்பைக் கொண்டுபோய்க் கூட்ட ஹோலில மாட்டினது நானும் அண்ணையும்தான். டெலிவரிக்கு அண்ணை ஒருநாளும் வாறதில்லை, அண்டைக்குத் தானாவே டெலிவரி வானுக்குள்ள ஏறி இருந்தார். கிச்சடியும் மீன் பொரியலும் தந்து எங்களை முன்வரிசையில இருத்திப்போட்டினம். முள்ளு எண்டால் அப்பிடி ஒரு முள்ளு மீன், ஆனால் என்ன ருசி!

பெரிய ஊர்க்காரர் முதல் பேசிச்சினம். நல்லாப் பேசிச்சினம், கை தட்டல் எல்லாம் விழுந்தது. பிறகு மொத்தின் பாயின்ர முறை. அவர் பேச்சு ஒண்டும் எழுதிக்கொண்டு வரேல்ல. ஃபிலிமை மேல தூக்கிக் காட்டினார். எல்லாம் பச்சை, ஊருக்கு ஊர் நடந்து போகலாம் போல கிடந்தது. பிறகு ஃபிலிமை விட்டார். நீலம் வந்து விழுந்தது. பெரிய ஊர்கள் ஒண்டோட ஒண்டு சேர்ந்து நிண்டது. ஆத்துக்குக் கிட்ட ஒரு சின்னப் புள்ளி மட்டும் தனிச்சுப்போய் நிண்டது.

பின்னுக்கு இருந்து ஒரு மனிசி ஏதோ கேட்டா. பக்கத்தில இருந்த பெடியன் எங்களுக்குச் சொன்னான்: "அது ஆரின்ர ஊர் எண்டு கேட்கிறா."

மொத்தின் பாய் ரெண்டே ரெண்டு சொல்லுத்தான் சொன்னார். என்ர தம்பியின்ர.

தலைவர் கை தூக்கச் சொன்னார். முதல் அந்த மனிசியின்ர கை. பிறகு அங்க ஒண்டு, இஞ்ச ஒண்டு. பிறகு பெரிய ஊர்க்காரர் இருந்த வரிசையிலயே கை எழும்பத் தொடங்கினது. நான் எண்ணிக்கொண்டே வந்தன். பக்கத்தில திரும்பினால், அண்ணையும் கையைத் தூக்கி வைச்சிருக்கிறார்!

தலைவர் சிரிச்சுக்கொண்டு, "அங்கிள், மெம்பர் மட்டும்தான்" எண்டார்.

"தெரியும்," எண்டார் அண்ணை இங்கிலீசில. "எண்ண வேண்டாம். நானும் தீவு ஆள்."

ஹோல் முழுக்கச் சிரிச்சுக் கை தட்டினது. அண்ணை கையை இறக்கேல்ல.

அடுத்த மழைக்கு மொத்தின் பாய் ஒரு ஃபோட்டோ கொண்டுவந்து தந்தார். கல்லுச் சுவரில தம்பி குந்தியிருக்கிறார், காலுக்குக் கீழ தண்ணி, பக்கத்தில தாராக்கள். அண்ணை அதை இலங்கை மேப்புக்குப் பக்கத்தில ஒட்டியிருக்கிறார்.

இப்பவும் அவருக்குத் தூசி பிடிக்காது. கலியாண அல்பமோ, கடை மெனுவோ, கண்ணாடியை மூக்கு நுனியில விட்டுக்கொண்டுதான் குந்துவார். ஆனால் ஒரு புள்ளியைக் கண்டால் மவுஸில இருந்து கையை எடுத்துப்போட்டு என்னைக் கூப்பிடுவார்.

"பிள்ளை, ஒருக்கா வந்து பார். உதில ஆரும் இருக்கினமோ?"