கோணல் ஸ்டேரிங்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வாசலுக்கு இரும்புக் கேற் செய்யச் சொல்லிவிட்டுப் போனவர்கள் இரண்டு தரம் வந்து "முடிஞ்சிட்டா?" என்று கேட்டால், மூன்றாம் தரம் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவேன். அப்படிப்பட்டவனை ஓர் இரும்புத் துண்டு பட்டறைத் தரையில் உட்கார்ந்து அழ வைத்தது. உள்ளங்கையளவு தகடு, சுற்றிவர ஆறு துளை, நடுவில் ஒரு குழல். காரின் ஸ்டேரிங் தண்டையும் வளையத்தையும் சேர்த்துப் பிடிக்கிற துண்டு, அவ்வளவுதான். கடையில் வாங்கிப் பூட்டுகிறவர்களுக்கு அது அரை மணி நேர வேலை.

என் மனைவிக்கு முதுகெலும்பின் அடியில் கட்டி. நான்கு மாதமாக அவள் உட்காரவில்லை. படுத்துக்கொண்டே சாப்பிட்டாள், படுத்துக்கொண்டே தொழுதாள், பார்க்க வந்தவர்களைப் படுத்துக்கொண்டே "வாங்க, இரிங்க" என்றாள். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். நான் அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. வீட்டுக்காரி வலப்பக்கம் சரிந்து கட்டிலில் கிடக்க, நான் குசினியில் சீனி டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். எது எங்கே இருக்கிறது என்று இருபது வருடமாக ஒரு நாளும் கேட்டவனில்லை. வெட்கம்.

மட்டக்களப்பு டொக்டர் சொன்னார்: "இருபத்தைந்து நாள் கதிர் கொடுக்க வேணும். சனி, ஞாயிறு தவிர ஒரு நாளும் விடப்படாது. சரிவந்தா இவங்க திரும்ப உட்காருவாங்க." சரிவராவிட்டால் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முதல் நாள், வருகிற மாதம் முதல் திங்கட்கிழமை, காலை எட்டு மணி.

எப்படிக் கொண்டு போவது? ஓட்டோவில் அவளைக் கிடத்த இடமில்லை. ஒரு தரம் மடியில் சாய்த்துக் கொண்டு போனேன்; பெரியநீலாவணை தாண்டுமுன் அவள் போட்ட சத்தத்தில் ஓட்டோக்காரரே அழுதுவிட்டார். ஊரில் இருக்கிற வேன்களெல்லாம் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போய்விடும். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் மனமிரங்கி வருவார்கள். ஐந்து கிழமைக்கு யார் வருவார்?

கடற்கரைப் பக்கம் ஒரு வளவில் பழைய கார் ஒன்று கிடந்தது. இழுத்து வந்து இடப்பக்கத்து முன் சீற்றையும் பின் சீற்றையும் கழற்றி எறிந்தேன். முன்னாலிருந்து டிக்கி வரை பலகை அடித்து, அதன்மேல் மெத்தை. அவளுடைய கால் முன்பக்கம், தலை என் சீற்றுக்குப் பின்னால். இப்படி வெட்டிக் கொத்திய காரை ரோட்டில் ஓட விடுவார்களா என்று கேட்டார்கள். பொலிஸ் மறித்தால் பின்னால் கிடக்கிறவளைக் காட்டுகிறேன், அவர்களே வழி சொல்லட்டும் என்றேன்.

எஞ்சினை ஓட வைத்தது என் மச்சான், மனைவியின் தம்பி. சவளக்கடை, சம்மாந்துறைப் பக்கம் நெல் வெட்டுகிற மெசின்களைத் திருத்துகிறவன். எஞ்சின் ஓடியது, பிரேக் பிடித்தது. கடைசியில் ஸ்டேரிங்கில் கைவைத்தேன். வளையம் பிட்டு மாதிரிக் கையோடு உதிர்ந்தது. அது பெரிதில்லை, இடமும் வலமுமாக இரண்டு கம்பி வைத்த வேறு வளையம் ஒன்று கிடைத்தது. ஆனால் தண்டின் நுனியிலிருந்த பற்களையும் உப்புக் காற்றுத் தின்றிருந்தது. கடைத் துண்டைப் போட்டால் வளையம் மட்டும் கிறுகியது, டயர் அசையவே இல்லை. வேறு தண்டு கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை என்றார்கள். எனக்கு இருந்தது நான்கு நாள்.

"நான் செய்றன்" என்றேன்.

மச்சான் பயந்துவிட்டான். "மச்சான், ஸ்டேரிங்கில ஒட்டு வேலை செய்யப்படா. நடு ரோட்டில கையோட வந்துட்டா?"

"மறுகா என்ன செய்யச் சொல்றா? உன்ட ராத்தாவத் தோள்ல தூக்கிட்டு மட்டக்களப்புக்கு நடக்கட்டா?"

அவன் எழும்பினான். போய், உழவு மெசினின் அச்சில் இருக்கும் தடித்த குழல் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

என் பட்டறையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அது முன்பு தொழுகை நடந்த கொட்டில். புதுப் பள்ளி கட்டி முடியும் வரை ஊரே அங்கேதான் தொழுதது. வரிசையாக நிற்பதற்குச் சீமெந்துத் தரையில் போட்ட பச்சைக் கோடுகள், ஸஃப்புக் கோடுகள், இன்னும் அழியவில்லை. கொட்டிலைக் கட்டியவர்கள் ரோட்டைப் பார்த்துக் கட்டினார்கள். கோடு போட்டவர்கள் தொழும் திசையான கிப்லாவைப் பார்த்துப் போட்டார்கள். ஆகவே கோடு சுவரோடு ஒத்து ஓடாது, நன்றாகவே சரிந்து ஓடும். நான் அந்தக் கோட்டில் நின்று தொழுதவன். பிறகு அதே கோட்டில் இரும்புச் சட்டத்தைக் கிடத்திப் பத்து வருடம் கேற் அடித்தவன். என் கண்ணுக்கு அந்தக் கோடுதான் நேர்.

டயர் நேராக நிற்கும்போது தண்டின் மேற்பக்கம் எதுவோ அந்த இடத்தில் அரத்தால் ஒரு காடி வெட்டினேன். குழலின் உட்பக்கமும் அதே அளவில் ஒரு காடி. இரண்டுக்கும் நடுவே சதுர ஆப்பு. ஒரே ஒரு நிலையில்தான் ஏறும், ஏறினால் வழுக்காது. இந்த அரம் போடுகிற வேலைக்கே இரண்டு நாள் போனது. கொஞ்சம் கூடினாலும் ஆடும், கொஞ்சம் குறைந்தாலும் ஏறாது. வீட்டிலிருந்து அவள் முனகுவது கேட்கிறது என்று நினைத்து நினைத்து அரத்தை நிறுத்துவேன். வீடு மூன்று தெரு தள்ளி இருக்கிறது, எப்படிக் கேட்கும்? ஆனாலும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை குழலைத் தகட்டில் வைத்து வெல்டிங் பிடித்தேன். ஆறியதும் தரையில் வைத்து, குழலின் காடியை எதிர்ச் சுவருக்கு நேரே திருப்பினேன். சுவர்ப் பக்கம்தான் மேல் என்று கணக்கு. பிறகு குனிந்து, தகட்டின் இரு பக்கத்தாலும் நீட்டிக்கொண்டிருந்த பச்சைக் கோட்டைப் பிடித்து, அதற்கு ஒத்தபடி ஆறு துளைக்கும் புள்ளி குத்தி டிரில் பண்ணினேன். தகட்டை வைஸில் இறுக்கி, ஒரு நீள இரும்பைப் பூட்டி நானும் மச்சானும் தொங்கிப் பார்த்தோம். ஒட்டு அசையவில்லை. "கல்லு மாதிரி இரிக்கி மச்சான்" என்று அவன் சிரித்தான். அந்தக் கிழமையில் நானும் சிரித்தது அப்போதுதான்.

திங்கள் விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து பூட்டினோம். தகடு ஏறியது. வளையம் ஏறியது. ஆறு போல்ட்டும் இறுகின. பின்னால் சாய்ந்து பார்த்தேன். டயர் நேர். வளையமோ வலப்பக்கம் சரிந்து நின்றது. ஒரு கம்பி மேலே, ஒரு கம்பி கீழே.

இறங்கி டயரைப் பார்த்தேன். திரும்ப ஏறி வளையத்தைப் பார்த்தேன். மச்சான் வளையத்தைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"அல்லாஹ்வே! நீங்க ஸஃப்பப் பாத்துத் துளைச்சிருக்கீங்க மச்சான்."

நான் கதவை உதைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். தொழுத வாய் என்றுகூடப் பார்க்கவில்லை. பிறகு அப்படியே தரையில், அதே கோட்டின் மேல், குந்திவிட்டேன். நேரம் ஆறைத் தாண்டிவிட்டது. பச்சைப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லும் கோணலை இரண்டு ஆம்பிளைகள் பார்க்கவில்லை. அவளுக்கு என்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான், அதையும் கோணலாகச் செய்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். மச்சான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

"துளை ஒன்று தள்ளிப் பூட்டினா மற்றப் பக்கம் இன்னும் சரியும். வேற ஓட்டை போடுவமா?" என்றான் மெதுவாக.

"போட்டா அது அரிதட்டு. பிடிக்காது. இப்படியே போறன்."

அவளைத் தூக்கிக் கிடத்தினோம். வழக்கம் போல வலப்பக்கம் சரிந்து, தலையணையில் கன்னத்தை அழுத்திக்கொண்டாள். கல்முனை தாண்டும்வரை என் கையும் கண்ணும் சண்டை பிடித்தன. கோணலாக இருப்பதைக் கண்டால் கை தானாக நிமிர்த்தும். நிமிர்த்தினால் கார் இடப்பக்கம் ஓடும். ஒரு தரம் சைக்கிளில் மீன் பெட்டியோடு போனவரை உரசப் பார்த்தேன். அவர் ஏசினார், நான் அதைவிடப் பெரிதாக ஏசினேன்.

"என்னத்துக்கு இப்பிடிச் சத்தம் போடுறீங்க?" என்றாள் பின்னாலிருந்து.

"ஸ்டேரிங் கோணலாப் போச்சி."

கிடந்தபடியே என் சீற்றின் ஓரத்தால் வளையத்தைப் பார்த்திருக்கிறாள். பிறகு சொன்னாள், "எனக்கு நேராத்தான் தெரியுது."

எனக்கு ஆத்திரம் வந்தது. நோவில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம். "பேசாமப் படு புள்ள" என்று அதட்டிவிட்டேன். அதட்டியது இன்றைக்கும் மனதில் குத்துகிறது. எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்க ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். என் சட்டை தோய்த்து எடுத்தது போல நனைந்திருந்தது.

முதல் கிழமை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் கிழமை வாந்தி. மூன்றாம் கிழமை அவள் சாப்பாட்டையே வேண்டாம் என்றாள். டொக்டரைக் கேட்டால், இப்போது சொல்ல ஏலாது, விடாமல் வாருங்கள் என்றார். தினமும் காலையில் பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறுவேன். ஏறியதும் வளையத்தின் கீழே விரலை விட்டு ஒட்டைத் தடவுவேன், வெடித்திருக்கிறதா என்று. சனிக்கிழமையில் புதுத் தகடு ஒன்று நேராகச் செய்வோம் என்று மச்சான் கேட்டான். எனக்குப் பயம். பிடித்துக்கொண்டு நிற்பதைக் கழற்ற எனக்குத் துணிவு வரவில்லை.

பதினெட்டாம் நாள் திரும்பி வரும்போது அவள் கேட்டாள், "இது சரிவராட்டி, நான் இப்பிடியேதானா?"

"வரும்."

"வராட்டி?"

களுவாஞ்சிக்குடியில் நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். வளையத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டே வீடு வரை ஓட்டினேன். அன்றைக்கு அந்தத் தகட்டைக் கழற்றிக் கடலில் எறிய வேண்டும் போலிருந்தது.

இருபத்திமூன்றாம் நாள். மட்டக்களப்புக்குள் நுழையும் கல்லடிப் பாலத்தில் ஏறுகிறேன். பின்னால் மெத்தை அசைந்தது. புரள்கிறாள் என்று நினைத்தேன். என் சீற்றின் முதுகை ஒரு கை பிடித்தது. சீற்றே பின்னால் இழுபட்டது. இதுவரை டிக்கியை மட்டும் காட்டிய கண்ணாடியில் அவளுடைய முக்காடு தெரிந்தது, பிறகு நெற்றி, பிறகு வேர்த்து ஒழுகும் முகம். இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"யா அல்லாஹ்! இவ்வளவு கோணலா இரிக்கி! இதப் பிடிச்சிட்டா இவ்வளவு நாளும் ஓடினீங்க?"

முதல் நாள் "நேராத்தான் தெரியுது" என்றதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை அவள். சரிந்து கிடந்தவளுடைய கண்ணுக்கு, சரிந்த வளையம் நேராகத்தான் தெரிந்திருக்கிறது.

பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். என் வாழ்நாளில் முதல் தடவையாக நான் திருப்பி ஏசவில்லை. கண் மறைத்தது, கை மட்டும் அந்தக் கோணலை விடாமல் பிடித்திருந்தது.

"ஓம் புள்ள, கோணல்தான்" என்றேன். "கோணல்தான், கோணல்தான்" என்று பாலம் முடியும்வரை சொல்லிக்கொண்டே போனேன்.